கட்டிய கையே அவிழ்க்கும்

கல்வராயன் மலையில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறவருக்கு ஸ்டார்ச் என்பது ஓர் எண். லோடு ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததும் மாதிரி எடுத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. பாயிண்ட் இறங்கினால் விலையும் இறங்கும், வண்டி வாடகை இறங்காது. சின்னசேலத்திலும் ஆத்தூரிலும் அந்தக் கிழங்கு மாவாகிறது, ஜவ்வரிசியாகிறது. சக்கை திப்பி என்ற பெயரில் களத்தில் காய்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் முளைத்த தொழில் இது. சாமையும் தினையும் விளைந்த மலைச் சரிவுகளில் கிழங்கு ஏறியதற்கு இந்த ஆலைகளின் பசிதான் காரணம்.

கொஞ்ச காலமாக இந்த மாவுக்கு இன்னொரு வேலையும் சொல்லப்படுகிறது: பிளாஸ்டிக்குக்கு மாற்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு, 'மரவள்ளியில் செய்தது, மக்கும்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பைகள் கடைகளில் தொங்கத் தொடங்கின. கிழங்கு விளையும் ஊர்க்காரனுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் வெறும் மாவில் பை நிற்காது. ஈரம் பட்டால் குழையும், காய்ந்தால் நொறுங்கும். மக்கும் பைகளுக்கு இழுவையைத் தருவது பெரும்பாலும் பிபிஏடி என்ற பாலியெஸ்டர். அது பொதுவாகப் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வருவது. உரிய சூழலில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும் என்பது உண்மை. கிழங்கிலிருந்து வந்தது என்பதுதான் அரை உண்மை.

கிழங்கிலிருந்தோ கரும்பிலிருந்தோ முழுதாகவே வரக்கூடிய பிளாஸ்டிக் ஒன்று உண்டு: பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பிஎல்ஏ. மாவுச்சத்தை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கி ஈஸ்டுக்குக் கொடுத்தால் எத்தனால். அதே குளுக்கோஸை லாக்டிக் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் லாக்டிக் அமிலம், தயிரில் புளிப்பாக இருப்பது. கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் கள்ளச்சாராய ஊறல் அழிப்பு என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறதே, அந்தப் பேரல்களில் வெல்லத்துக்கு நடப்பதும் நொதித்தல்தான். அங்கே வேலை செய்யும் உயிர் வேறு, அவ்வளவே. பாக்டீரியா தான் சுரக்கும் அமிலத்தில் தானே மூச்சுத் திணறும். அதனால் தொட்டியில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை அவ்வப்போது தணிக்க வேண்டும். பிறகு கந்தக அமிலம் விட்டு லாக்டிக் அமிலத்தை மீட்க வேண்டும். பழைய முறையில் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் குவியும். பசுமைப் பிளாஸ்டிக்கின் விளம்பரப் படங்களில் இந்த வெள்ளைக் குவியல் வருவதில்லை.

லாக்டிக் அமிலத்தைச் சும்மா சூடாக்கினால் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலியாகும். ஆனால் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே வரும். அந்தத் தண்ணீரே திரும்ப வந்து இணைப்பை வெட்டும். எவ்வளவு காய்ச்சினாலும் கிடைப்பது குட்டைச் சங்கிலிகள், பிசுபிசுப்பு. 1930களில் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் (நைலான் செய்தவர்) சுற்றுவழி ஒன்றைப் பார்த்தார். இரண்டு லாக்டிக் அமிலங்களை முதலில் தண்ணீர் நீக்கி ஆறணு வளையமாக மூடிவிடுவது. அதன் பெயர் லாக்டைடு. தண்ணீர்த் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இனி வளையத்தை ஓரிடத்தில் திறந்து, திறந்த முனையில் அடுத்த வளையத்தைச் சேர்த்து, அதையும் திறந்து என்று போய்க்கொண்டே இருக்கலாம். உள்ளே ஒரு முறுக்கோடு மூடியிருக்கும் வளையம் அது; திறப்பதில் அதற்கும் இலாபம் இருக்கிறது. வளையத் திறப்புப் பலபடியாக்கம் என்று பாடப்புத்தகம் இதைச் சொல்கிறது.

திறக்கும் சாவி எது என்பதில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் இருக்கிறது. உலகத்தின் பெரிய பிஎல்ஏ ஆலைகள் பெரும்பாலும் தகரத்தை நம்புகின்றன; ஸ்டானஸ் ஆக்டோயேட் என்ற கரிமத் தகரச் சேர்மம். 180, 200 டிகிரிச் சூட்டில் உருகிக் கிடக்கும் லாக்டைடில் துளியளவு போட்டால் போதும். விலை மலிவு, நிறம் கெடுக்காது, சூட்டைத் தாங்கும். குறை ஒன்றுதான்: வேலை முடிந்தபின் வெளியே வராது. சங்கிலிகளுக்கு இடையே சின்ன அளவில் தகரம் தங்கிவிடும். தட்டுக்கும் கோப்பைக்கும் இது பெரிய விஷயமல்ல என்று ஒழுங்குமுறைகள் ஏற்றுக்கொள்கின்றன. உடலுக்குள் விட்டுத் தானே கரையவேண்டிய தையல் நூலுக்கும், மருந்தைச் சுமந்து போகும் நுண்துகளுக்கும் அந்த மிச்சம் உறுத்தலாகிறது.

உறுத்தல் இன்னொரு எதிர்பாராத இடத்திலிருந்தும் வந்தது. கணினி நிறுவனமான ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஹெட்ரிக் பாலிமர் வேதியியல் செய்துகொண்டிருந்தார். சிப் செய்யுமிடத்தில் உலோக மாசு ஒரு பொட்டுகூட ஆகாது. உலோகமே இல்லாமல் வளையத்தைத் திறக்க முடியுமா என்று அவர் தேடியது அதனால்தான். 2001-இல் அவருடைய குழு டிஎம்ஏபி என்ற எளிய நைட்ரஜன் காரத்தைக் கொண்டு லாக்டைடைக் கட்டுப்பாடாகச் சங்கிலியாக்கிக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டின் ராபர்ட் வேமவுத் இதில் நெடுங்காலக் கூட்டாளியானார். நம் பக்கத்தில், சென்னை ஐஐடியில் தேபாஷிஷ் சக்ரவர்த்தியின் குழு இதே லாக்டைடு வளையத்தைப் பல ஆண்டுகளாகத் திறந்து பார்த்துவருகிறது. அவர்கள் அதிகமும் போவது உலோகச் சேர்மங்களின் வழியில். இரண்டு வழிகளும் ஒன்றையொன்று கவனித்தே நடக்கின்றன.

டிஎம்ஏபி மெதுவானது. வேகம் வேண்டுமென்றால் இன்னும் வலுவான காரம் வேண்டும், அதாவது புரோட்டானை இன்னும் ஆசையோடு பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு. சூப்பர்பேஸ்கள் இங்கேதான் வருகின்றன. பெயரில் இருக்கும் பகட்டு உருவத்தில் இல்லை. குவானிடின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உழவர் வயலில் வீசும் யூரியாவை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒரு கார்பன், இருபுறமும் இரண்டு நைட்ரஜன், மேலே ஓர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனின் இடத்தில் மூன்றாவது நைட்ரஜனை வைத்தால் குவானிடின். 1861-இல் அடோல்ஃப் ஸ்ட்ரெக்கர் முதன்முதலில் இதைச் செய்தது பறவை எச்ச உரமான குவானோவிலிருந்து எடுத்த குவானினைச் சிதைத்து. உரத்தில் பிறந்து உரத்துக்குச் சொந்தமான ஒரு மூலக்கூறு. அதன் வலிமை எங்கிருந்து வருகிறது என்றால், புரோட்டான் வந்து ஒட்டியதும் அந்த நேர்மின்சுமையை எந்த ஒரு நைட்ரஜனும் தனியாகச் சுமப்பதில்லை. மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. பகிர்ந்த சுமை நிலையானது, நிலையானதால் விட்டுக்கொடுக்காது.

இந்தக் குடும்பத்தில் இரண்டு வளையங்கள் ஒட்டிய சின்ன மூலக்கூறு ஒன்று, டிபிடி. 2006-இல் ஹெட்ரிக்கும் வேமவுத்தும் இதை லாக்டைடில் போட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அறை வெப்பநிலையில், தகரம் 180 டிகிரியில் செய்யும் வேலையை நிமிடக் கணக்கில் முடித்தது. எப்படி என்று முதலில் அவர்களுக்கே ஒரு கருத்து இருந்தது: டிபிடி நேராக வளையத்தைத் தாக்கித் தன்னோடு இணைத்துக்கொண்டு, பிறகு அடுத்தவருக்குக் கைமாற்றுகிறது என்று. 2008-இல் வந்த கணக்கீடுகள் வேறு வழியை எளிதானதாகக் காட்டின. டிபிடியில் ஒரு பக்கம் புரோட்டானை வாங்கத் தயாரான நைட்ரஜன், பக்கத்திலேயே ஹைட்ரஜனைக் கொடுக்கத் தயாரான இன்னொரு நைட்ரஜன். ஒரு கையால், சங்கிலியைத் தொடங்கிவைக்கும் ஆல்கஹாலைப் பிடித்துத் தூண்டுகிறது, மறுகையால் லாக்டைடின் ஆக்சிஜனைத் தாங்கிக்கொள்கிறது. தன்னோடு யாரையும் கட்டிக்கொள்வதில்லை. இரண்டு பேரையும் அருகில் கொண்டுவந்துவிட்டு விலகுகிறது.

வலிமைதான் எல்லாம் என்றால் டிபிடியோடு நிற்கவேண்டியதில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ராய்ன்ஹார்ட் ஷ்வேசிங்கர் 1980களில் ஃபாஸ்ஃபசீன் என்ற காரக் குடும்பத்தை உருவாக்கினார். அவற்றில் பி4 என்பது நான்கு பாஸ்பரஸ் அணுக்களின் மேல் மின்சுமையைப் பரப்பிவிடும் பெரிய உருண்டை. அசிட்டோநைட்ரைல் கரைசலில் கார வலிமையை அளக்கும் அளவுகோலில் சாதாரண ட்ரைஎத்திலமீன் 19-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது, டிபிடி 26, பி4 42.7. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ட்ரைஎத்திலமீனுக்கும் பி4-க்கும் இடையே ஒன்றுக்குப் பின்னால் ஏறக்குறைய 24 சுழியங்கள்.

இவ்வளவு பலசாலியை லாக்டைடில் விட்டால் காரியம் கெடும். லாக்டிக் அமிலம் இடக்கை, வலக்கை என இரண்டு வடிவில் வருவது. பாக்டீரியா பெரும்பாலும் ஒரே வடிவத்தைக் கவனமாகச் செய்து கொடுக்கிறது. அந்த ஒருமைதான் சங்கிலிகளை நெருக்கமாக அடுக்கிப் படிகமாக்கி, பிஎல்ஏக்கு 175 டிகிரிக்கு மேல் உருகுநிலையைத் தருகிறது. மிதமிஞ்சிய காரம் வளையத்தைத் திறப்பதோடு நிற்காமல், பிடுங்கக்கூடாத ஹைட்ரஜனையும் பிடுங்கி அந்தக் கைவடிவத்தைக் குலைத்துவிடும். நுண்ணுயிர் பல மணிநேரம் செய்த நுட்பம் நிமிடத்தில் போய்விடும். ஆகவே இந்தத் துறை சமீபத்திய ஆண்டுகளில் அதிக வலிமையைத் தேடிப் போகவில்லை. தேர்ந்தெடுத்துத் தொடும் பக்குவத்தைத் தேடிப் போனது. 2016-இல் தயோயூரியாவின் எதிர் அயனியையும், அடுத்த ஆண்டில் யூரியாவின் எதிர் அயனியையும் வேமவுத் குழு வினையூக்கியாக்கியது. அவை வளையத்தை விரைவாகத் திறக்கும்; கட்டிய சங்கிலியில் கைவைப்பது மிகக் குறைவு. கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டையாக அடுக்கியிருக்கும் யூரியாவின் உறவுக்காரர்கள் இவர்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

பி4 வீணாகவில்லை. காமா-பியூட்டைரோலாக்டோன் என்ற ஐந்தணு வளையம் ஒன்று இருக்கிறது. முறுக்கே இல்லாத, சுகமாக மூடிக்கிடக்கும் வளையம். இதைச் சங்கிலியாக்க முடியாது என்று புத்தகங்கள் எழுதிவைத்திருந்தன. 2016-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் யூஜின் சென்னும் மியாவ் ஹாங்கும் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில் அதைத் திறந்தார்கள், முதலில் உலோகத்தால், பிறகு பி4-ஆல். எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது திறந்தது அல்ல. அந்தப் பிளாஸ்டிக்கை 220 டிகிரிக்குச் சூடாக்கினால் முழுதும் பழைய வளையமாகவே திரும்பிவிடுகிறது என்பதுதான். இயல்பில் மூடியிருக்க விரும்பும் ஒன்றை வலுவாகத் திறந்ததால், விட்டவுடன் அது வீட்டுக்குப் போய்விடுகிறது.

இனித் தொடங்கும் வேலையும் நிறுத்தும் வேலையும். சங்கிலி எங்கே தொடங்கும் என்பதை ஆல்கஹால் தீர்மானிக்கிறது. ஓர் ஆல்கஹாலுக்கு ஒரு சங்கிலி. நூறு லாக்டைடுக்கு ஓர் ஆல்கஹால் வைத்தால் நூறு அலகு நீளம். இது பென்சைல் ஆல்கஹாலாக இருக்கலாம், எத்தனாலாக இருக்கலாம், மெத்தனாலாகவும் இருக்கலாம். கடைசிப் பெயரைக் கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சியில் சாதாரணமாக எழுதிவிட்டுப் போக முடியவில்லை. 2024 ஜூனில் இங்கே கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மலையில் வெல்லத்தில் ஊறியதல்ல. தொழிற்சாலைக் கரைப்பானாக விற்கப்படும் இந்த ஒற்றைக் கார்பன் ஆல்கஹால். கிழங்கும் கரும்பும் விளையும் மாவட்டத்துக்கு ரசாயனத் தொழில் இன்றுவரை வந்து சேர்ந்த முகம் அது.

சங்கிலி வேண்டிய நீளம் வந்ததும் வினையூக்கியைக் கொல்ல வேண்டும். டிபிடி இருக்கும் கலவையில் சிறிது பென்சோயிக் அமிலம் போடுவார்கள். ஊறுகாய் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டின் தாய் அது. காரம் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடும். போடாமல் விட்டால்? வளையம் தீர்ந்தபின்னும் டிபிடி சும்மா இராது. வளையத்திலிருந்த எஸ்டர் பிணைப்பும் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்பும் அதற்கு ஒரே இனம். நீளமான சங்கிலியை நடுவில் வெட்டி வேறொன்றோடு ஒட்டும், சிலது குட்டையாகும், சிலது நீளும். நேர்த்தியாகக் கட்டியது கலைந்துபோகும். கட்டும் கைக்கும் அவிழ்க்கும் கைக்கும் வேறுபாடு நேரத்தில்தான் இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் இது பக்கவிளைவு என்ற தலைப்பில் வரும். இந்தத் துறையின் உண்மையான பயன் இந்தப் பக்கவிளைவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

காரணம், 'மக்கும்' என்று நாம் நம்பும் பொருள் மக்குவதில் அவ்வளவு நேர்மையானது அல்ல. பிஎல்ஏ மக்குவது 58 டிகிரி அளவில் சூடும் ஈரமும் மாதக்கணக்கில் நிலைத்திருக்கும் தொழில்முறைக் கம்போஸ்ட் குவியலில். இந்தியத் தரநிலை ஐஎஸ் 17088 சோதிப்பதும் அத்தகைய நிலைமையைத்தான். வயல் மண்ணின் சூட்டில் பல ஆண்டுகள் கிடக்கும். கோமுகி அணை நீரில் விழுந்தால் அதற்கும் மேல். அதே சமயம் கொதிக்கும் தேநீருக்கும் அது தாங்காது. சாதாரண பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். கல்வராயன் மலைக்கு மேகம் அருவி பார்க்க வருகிறவர் வீசிவிட்டுப் போகும் பிஎல்ஏ கோப்பை, சாதாரண பிளாஸ்டிக் கோப்பையிலிருந்து பார்வைக்கும் வேறாக இருக்காது, பாறை இடுக்கில் கிடக்கும் காலத்திலும் பெரிய வேறுபாடு காட்டாது.

அவிழ்க்கும் கையைத் தனியாகப் பயன்படுத்தினால் கதை வேறு. 2011-இல் ஹெட்ரிக் குழு டிபிடியை வைத்துப் பழைய பெட் பாட்டில்களைக் கிளைக்காலில் கரைத்து மூலப்பொருளாக மீட்டது. அடுத்த ஆண்டில், கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் பிஎல்ஏ துண்டுகளை ஆல்கஹாலில் போட்டு டிபிடி சேர்த்தார்கள். அறை வெப்பநிலையில் சில நிமிடங்களில் சங்கிலி முழுதும் லாக்டேட் எஸ்டராக இறங்கிவிட்டது. எத்தனால் ஊற்றினால் எத்தில் லாக்டேட். நச்சுக் குறைந்த கரைப்பான், வாங்க ஆளிருக்கும் பொருள். மக்கிப் போனால் காற்றில் கரையும் கார்பன், இங்கே விலையுள்ள திரவமாகக் கையில் இருக்கிறது.

உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கும்பி என்ற ஊரில் பல்ராம்பூர் சீனி மில்ஸ் ஆண்டுக்கு 80,000 டன் பிஎல்ஏ ஆலையைத் தன் கரும்பாலையை ஒட்டிக் கட்ட முனைந்திருக்கிறது. புனே அருகே ஜெஜூரியில் ப்ராஜ் நிறுவனம் 2024-இல் மாதிரி ஆலை ஒன்றைத் திறந்தது. கரும்பு இருக்கும் இடத்தில் இது நடக்கும் என்பது தெளிவாகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான் 11 பல பத்தாண்டுகளாக வருகிறது என்பதால், இரண்டு பிளாஸ்டிக் பயிர்கள் ஒரே கூரையின் கீழ் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இவற்றை வைத்துக் கள்ளக்குறிச்சியிலும் ஒரு பிஎல்ஏ ஆலை வரட்டும் என்று கேட்பது சுலபம். லாக்டைடு செய்யும் முதலீடு பல நூறு கோடிக் கணக்கு. கரும்புக்குப் பணம் பட்டுவாடா செய்யவே திணறும் துறை அது. நான் அதைக் கேட்கமாட்டேன். வந்தாலும் உள்ளே ஓடப்போவது தகரமாகத்தான் இருக்கும்; 180 டிகிரி உருகலில் சூப்பர்பேஸ்கள் நிறத்தையும் கைவடிவத்தையும் காப்பாற்றித் தருவது இன்னும் உறுதியில்லை.

அவிழ்க்கும் ஆலைக்கு அவ்வளவு பணம் வேண்டாம். ஒரு தொட்டி, எத்தனால், சிறிது காரம், ஒரு வாலை. சூடும் அதிகமில்லை. கரும்பாலை உள்ள ஊருக்கு எத்தனால் அந்நியமும் இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளிமலையில் வீசிய கோப்பை கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வர யாராவது அதைப் பொறுக்க வேண்டும், பொறுக்குவதற்கு விலை வேண்டும். காயலான் கடையில் பெட் பாட்டிலுக்குக் கிலோவுக்கு ஒரு விலை உண்டு, இரும்புக்கு உண்டு, அட்டைக்கு உண்டு. பிஎல்ஏக்கு இல்லை. பார்க்க பெட் மாதிரியே இருப்பதால் தவறிக் கலந்துவிட்டால் உருக்கும்போது பெட் லோடையும் கெடுத்துவிடும். விஷயம் தெரிந்த கடைக்காரர் அதைத் தராசில் ஏற்றாமல் ஓரமாக எறிவார்.